குடலிலிருந்து மூளைக்கு ஒரு கோடு

எபநேசர் கரும்பலகையில் செம்மறியாட்டின் மூளையை வரைந்துவிட்டால், அடுத்த வகுப்புக்கு வருகிற ஆசிரியர் அதை அழிக்க மனமின்றிப் பலகையின் ஓரத்தில் எழுதிக்கொள்வது அந்தக் கல்லூரியில் வழக்கமாகியிருந்தது. கோவில்பட்டிக்குப் புறத்தே, பருத்திக் காட்டை ஒட்டி இருந்த கல்லூரி அது. அதன் விலங்கியல் துறையில் அவர் 1969 முதல் டெமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது செய்முறை ஆசிரியராக, பணியாற்றி வந்தார். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பரப்பை மட்டும் அவர் பெரிதாக்கி வரைவார். பக்கவாட்டில் இருக்கும் பசி மையத்துக்குச் சிவப்பு. நடுவில் இருக்கும் நிறைவு மையத்துக்குப் பச்சை. முதலாவதைச் சிதைத்தால் எலி உணவைத் தொடாமலே மெலியும். இரண்டாவதைச் சிதைத்தால் தின்று தின்று உருண்டையாகிவிடும். இந்தப் பாடத்தை அவர் நடத்தும்போது, வேறு துறை மாணவர்கள்கூட வாசலில் நின்று பார்த்ததுண்டு.

அவர் கழுகுமலைக்கு அருகில் ஒரு சிற்றூரில் தேவாலய உபதேசியாரின் மகனாகப் பிறந்தவர். பாளையங்கோட்டையில் படித்தவர். மனைவி கிருபா மிஷன் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறவர் என்று எல்லாரும் எபநேசரைச் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரியும்.

அவருக்கு இரண்டாண்டுகள் பின்னால் அதே துறையில், அதே பதவியில் சேர்ந்தவர் சங்கிலிப்பாண்டி. பசுவந்தனையில் பருத்தியும் கம்பும் விளைகிற கரிசல் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாணவர்களோடு பந்து விளையாடுகிற மனிதர். மதுரையில் ஆராய்ச்சி செய்யப் படிப்பு விடுப்புக் கொடுக்கிறோம் என்று கல்லூரி அறிவித்த ஆண்டில் இருவருமே விண்ணப்பித்தார்கள். ஒருவருக்குத்தான் விடுப்பு. மூத்தவர் என்ற முறையில் அது எபநேசருக்கே கிடைத்திருக்கும். ஆனால் கிருபா அப்போது இரண்டாவது பிரசவம் சிக்கலாகிப் படுக்கையில் இருந்தாள். அவர் தாமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். சங்கிலிப்பாண்டி மதுரைக்குப் போய், டாக்டர் பட்டத்தோடு உதவிப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. ஆகவே எபநேசரின் பொறாமைக்குக் குற்றம் சாட்ட ஓர் ஆள் கிடைக்கவில்லை. அது வெளியே போக வழியின்றி உள்ளேயே வளர்ந்தது.

1983 பிப்ரவரியில் அந்தக் கோடு விழுந்தது.

எபநேசர் வகுப்பை முடித்து வெளியே வந்தவர், வண்ணச் சாக்பீஸ் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டதை உணர்ந்து திரும்பினார். அதற்குள் சங்கிலிப்பாண்டி வகுப்பில் இருந்தார்.

“ஏலே, இந்தப் படத்தப் பாத்தீங்களா? நான் ஏழு சென்மம் எடுத்தாலும் இப்படி வரைய முடியாது,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “ஆனா ஒண்ணு கேக்கேன். வயிறு ரொம்பிட்டுன்னு இந்த மூளைக்கு யாருலே போய்ச் சொல்லுதா?”

“வயிறு உப்பும்லா சார்,” என்றான் ஒரு மாணவன்.

“உப்புனாப் போதுமா? அப்பம் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்கலாமே. ஒங்க ஹாஸ்டல் சாம்பாரு அதுதான. பசி போகுதா?”

வகுப்பு சிரித்தது. சங்கிலிப்பாண்டி எபநேசரின் மூளைக்குக் கீழே ஒரு குடலை வரைந்தார். அது முருங்கைக்காய் போல இருந்தது. பிறகு அந்த முருங்கைக்காயிலிருந்து மேலே சிவப்பும் பச்சையுமான மையங்கள்வரை ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்தார். தின்ற தீனியிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டவுடன், அங்கேயுள்ள சவ்வின் செல்கள் ஒரு பெப்டைடை, அதாவது குட்டையான புரதத் துண்டு ஒன்றை, வெளியிடுகின்றன. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்வதால் பித்தப்பையை அசைப்பது என்னும் பொருளில் கோலிசிஸ்டோகைனின் என்று பெயர் பெற்றது. ஆனால் அதன் வேலை அத்தோடு முடியவில்லை. வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டி, ‘போதும்’ என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புவதும் அதுதான் என்று இப்போது சொல்கிறார்கள். இன்னும் வியப்பு, குடலில் சுரக்கும் அதே பொருள் மூளைக்குள்ளேயும் இருக்கிறது. வெளிநாட்டில் செம்மறியாட்டின் மூளைக் குழிவுகளில் அதை இம்மியளவு செலுத்தினார்கள். பசித்த ஆடு தீனியை விட்டு ஒதுங்கியது. அங்கே அதன் செயலை எதிர்ப்பொருளால் தடுத்துப் பார்த்தார்கள். ஆடு வழக்கத்தைவிட அதிகம் தின்றது.

மாணவர்கள் எபநேசரின் படத்தோடு சேர்த்து அந்தக் கோட்டையும் வரைந்துகொண்டார்கள். வாசலில் நின்ற எபநேசர் உள்ளே போகவில்லை. சாக்பீஸ் பெட்டி அங்கேயே இருந்தது. பதினான்கு ஆண்டுகளாகத் தாம் வரைந்த படம் அந்த ஒரு கோட்டினால் பாதிப் படமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. கோடு நேராகக்கூட இல்லை.

அந்தப் பாடத்தையே சங்கிலிப்பாண்டி ஆராய்ச்சியாகவும் எடுத்துக்கொண்டார். தூய கோலிசிஸ்டோகைனினை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் வசதி கல்லூரியில் இல்லை. அவர் விடியற்காலையில் நகராட்சி ஆட்டுத்தொட்டிக்குப் போய், அப்போதுதான் அறுத்த ஆடுகளின் சிறுகுடல் மேற்பகுதியை வாளியில் வாங்கி வந்தார். கொதிநீரில் முக்கியெடுத்து, உட்சவ்வைச் சுரண்டி, அசெட்டிக் அமிலத்தில் ஊறவைத்து, வடித்து, உப்பிட்டுப் படியச் செய்து, மீண்டும் கரைத்து, பங்குனி முழுவதும், சித்திரை பிறந்த பிறகும், ஆய்வுக்கூடத்தை நாறடித்தார். கடைசியில் சில புட்டிகளில் தேநீர் நிறத்தில் ஒரு சாறு கிடைத்தது. கினிப்பன்றியின் பித்தப்பைத் துண்டின்மேல் அதை விட்டபோது தசை சுருண்டது. பெப்டைடு அதில் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

ஏப்ரல் இறுதியில் துறைத்தலைவர் தேவஆசீர்வாதத்தின் முன்னிலையில் கல்லூரித் தோட்டத்தில் முதல் சோதனை நடந்தது. பசியோடு இருந்த ஒரு பொட்டுக் கிடாவுக்கு, வேம்பூர்ப் பக்கத்து வெள்ளை உடம்பில் செம்புள்ளி விழுந்த ஆடு அது, கழுத்து இரத்தக்குழாயில் சாறு செலுத்தப்பட்டது. முன்னால் கடலைக்கொடி கிடந்தது. கிடா இரண்டு வாய் கடித்தது, நிறுத்தியது, அப்படியே நின்றது.

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்,” என்றார் தேவஆசீர்வாதம் மெதுவாக. “தின்னல பாத்தீங்களா?”

எபநேசர் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் காதுகள் தொங்கியிருந்தன. முதுகு வளைந்திருந்தது.

“காய்ச்சல்ல கெடக்கவனும்தான் சார் தின்ன மாட்டான்,” என்றார். “அவனுக்கு வயிறு ரொம்பிட்டுன்னு சொல்லுவமா? இது நெறவு இல்ல. நோக்காடு. அந்தச் சாத்துல என்னென்ன கெடக்கோ.”

அவருடைய குரலில் இருந்த மகிழ்ச்சி அவருக்கே கேட்டது. துறைத்தலைவர் நெற்றியைச் சுருக்கினார்.

“அப்பம் ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறது எபநேசர்?”

“வயிறாரத் தின்ன ஆடு என்ன செய்யும் சார்? காலை மடக்கிப் படுத்து அசைபோடும். நோவு கண்ட ஆடு அசைபோடாது. இவரு ஆடு தின்னாம இருக்கத மட்டும் பாக்காரு. தின்னாம இருந்து அடுத்தால என்ன செய்யுதுன்னு பாக்கணும்.”

சங்கிலிப்பாண்டி தோற்றவர் போல நிற்பார் என்று எபநேசர் எதிர்பார்த்தார். அவரோ எபநேசரின் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஆட்டுக்குள்ளயே பெறந்து வளந்தவன் நான். எனக்கு இது தோணலியே. அளவு கூடிப்போச்சு. கொறச்சுப் பாக்கணும். அசைபோடுதான்னு பாக்கணும். நீங்கதான் பாக்கணும்.”

“நானா?”

“எனக்கு எது சாறு எது உப்புத் தண்ணின்னு தெரியும். எனக்கு ஆசையும் இருக்கு. நான் பாத்தா எல்லா ஆடும் அசைபோடுத மாதிரிதான் தெரியும். ஊசிய மட்டும் நான் போடுதேன். எதுக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியாது. பாத்து எழுதுறது நீங்க.”

ஆசை இல்லாதவர் என்று தம்மைச் சங்கிலிப்பாண்டி தேர்ந்தெடுத்ததை எபநேசர் அன்று வீட்டில் கிருபாவிடம் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

“அவிய பெரிய மனசுக்காரவிய,” என்றாள் கிருபா. “நாலு பேருக்கு முன்னால கொறை சொன்னவியளையே கூப்பிட்டு ஒக்கார வைக்காவளே.”

எபநேசருக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசை வேறு திசையில் இருந்தது.

கோடை விடுமுறையில் பசுவந்தனைக்கு வெளியே உச்சிமாகாளி என்பவரின் ஆட்டுப்பட்டியில் சோதனை தொடங்கியது. உச்சிமாகாளி சங்கிலிப்பாண்டியின் தந்தை நிலங்களில் உரத்துக்காகக் கிடை போடுகிறவர். நான்கு ஆடுகளை அவர் எண் இட்டுத் தனிப் பட்டியில் அடைத்துத் தந்தார். முதல் நாள் மாலையிலிருந்து அவற்றுக்குத் தீனி கிடையாது. காலையில் சங்கிலிப்பாண்டி இரண்டுக்குச் சாறும் இரண்டுக்கு உப்புநீரும் செலுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொலைவில் ஒரு மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். எபநேசர் கடலைக்கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படலுக்கு வெளியே குடையின் கீழ் அமர்ந்து பார்ப்பார். அடுத்த முறை சாறு வாங்கும் ஆடுகள் மாறும்.

மழை பொய்த்த ஆண்டு அது. கரிசல் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அந்த வெயிலில் அவர் கண் பிசகாமல் பார்த்தார். ஆடுகளில் இரண்டு கொடியை விடாமல் தின்னும். இரண்டு, சிறிது நேரம் தின்றுவிட்டு ஒதுங்கும். ஒதுங்கியவற்றின் காதுகள் தொங்க வேண்டுமே, முதுகு வளைய வேண்டுமே என்று அவர் ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். அவை முன்னங்காலை மடக்கிப் படுத்தன. தொண்டையில் ஓர் உருண்டை மேலேறுவது தெரிந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட்டன. பார்த்ததை அப்படியே எழுதினார். வேறு எழுதவும் வழி இல்லை. எது சாறு வாங்கிய ஆடு என்று தெரியாதவர் எதை மாற்றி எழுதுவார்?

“எது படுத்துச்சு அண்ணாச்சி?” என்று சங்கிலிப்பாண்டி வந்து கேட்பார்.

“மூணும் ஒண்ணும்.”

“அசை?”

“போட்டுச்சு.”

“அது ரெண்டுக்குந்தான் சாறு.”

ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சின் கடைசி வாக்கியத்தில் எபநேசர் குறிப்பேட்டை மூடிவிடுவார். சாறு நோயை உண்டாக்கவில்லை, நிறைவைத்தான் உண்டாக்குகிறது என்று அவருடைய சோதனையே காட்டிக்கொண்டிருந்தது. ஜூலையில் மதுரையில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு சங்கிலிப்பாண்டி கட்டுரை அனுப்பிவிட்டார். அங்கே அது நன்றாக அமைந்தால் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் அழைப்பு உண்டு என்று பேச்சு. அது எபநேசரின் காதிலும் விழுந்தது.

ஜூன் நடுவில் கடைசிச் சுற்று. அன்று எபநேசர் முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். பட்டியை நெருங்கும்போது உச்சிமாகாளியின் மனைவி பாண்டியம்மாள் வெறும் ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படலைச் சாத்திவிட்டு வெளியே வருவதைக் கண்டார்.

“என்னம்மா, வெள்ளனவே?”

“மக பிள்ளப்பேறுக்கு வந்துருக்கா சார். வீட்டுல சூலி இருக்கையில பட்டியில ஆடு பசிச்சுக் கத்தலாமா? ராத்திரி பூரா கத்துதுவ. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது.” அவள் சொல்லிக்கொண்டே நடந்து போய்விட்டாள்.

அப்போது அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சங்கிலிப்பாண்டி வந்தார்; ஊசி போட்டார்; மரத்தடிக்குப் போனார். எபநேசர் கொடியை அவிழ்த்தார். நான்கு ஆடுகளும் முகர்ந்து பார்த்தன. நான்கும் படுத்தன. நான்கும் அசைபோட்டன.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பட்டிக்குள் பார்த்தார். புழுக்கைகளுக்கு நடுவே கருவேல மரத்தின் முற்றி உலர்ந்த காய்கள், ஊரில் நெத்து என்பார்கள், நசுங்கிக் கிடந்தன. மணிமணியாக இடை சுருங்கிய அந்தக் காய் என்றால் ஆட்டுக்கு உயிர். அவை விடியுமுன்னே வயிறு நிறையத் தின்றிருந்தன. சாறும் உப்புநீரும் இனி ஒன்றுதான்.

மரத்தடியிலிருந்து சங்கிலிப்பாண்டி எழுந்து வந்துகொண்டிருந்தார். எபநேசர் படலைத் திறந்து உள்ளே போனார். செருப்புக் காலால் அந்தக் காய்களைக் கரிசல் புழுதிக்குள் தள்ளி மூடினார். அதைச் செய்ய அவர் யோசிக்கவே இல்லை. கால் தானே செய்தது போல இருந்தது. ஆனால் மிக நேர்த்தியாகச் செய்தது.

“எது படுத்துச்சு அண்ணாச்சி?”

“நாலும்.”

சங்கிலிப்பாண்டியின் முகம் வெளுத்தது. உச்சிமாகாளியைக் கூப்பிட்டு, “அண்ணே, ஆட்டுக்கு ஏதாவது போட்டீங்களா?” என்று கேட்டார்.

“நான் ஏன் போடுதேன்? மந்தையோடல்லா அங்கன படுத்துக் கெடந்தேன்,” என்றார் உச்சிமாகாளி. அது உண்மை.

எபநேசரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று பேருந்தில் வரும்போது அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். கோவில்பட்டி வரும்வரை அது சரியாகவே இருந்தது.

கல்லூரி திறந்தது. சங்கிலிப்பாண்டி கட்டுரையைத் திரும்பப் பெறப் போவதாகத் துறைத்தலைவரிடம் சொன்னார். எபநேசரும் அங்கே இருந்தார்.

“இன்னொரு சுத்து செஞ்சு பாருமேன்,” என்றார் தேவஆசீர்வாதம். “சாறு மிச்சம் இருக்குல்லா?”

“ஒரு சுத்துக்கு இருக்கு சார். ஆனா உப்புத் தண்ணிக்கு ஆடு ஏன் படுத்துச்சுன்னு எனக்குத் தெரியல. காரணம் தெரியாமத் திரும்பச் செஞ்சா, எனக்கு வேண்டிய முடிவு வார வரைக்கும் செய்யுதேன்னுதான் அர்த்தம். அது வேண்டாம்.”

எபநேசர் அடைய விரும்பியது இதுதான். அது முழுதாகக் கைக்கு வந்திருந்தது. ஆனால் அன்று மதியம் உணவுப் பாத்திரத்தைத் திறந்தவர் அப்படியே மூடினார். வீட்டிலும் அதே கதை.

“மூணு நாளா சோத்துல கையே வைக்கல,” என்றாள் கிருபா. “வயித்துக்கு என்ன செய்யுது?”

வயிறு காலியாக இருந்தது. குடல் எந்தச் செய்தியையும் அனுப்பியிருக்க முடியாது என்று அவர் ஆசிரியரின் ஒழுங்கோடு எண்ணிப் பார்த்தார். செய்தி வராமலே மூளை கதவைச் சாத்தியிருக்கிறது. அதற்கு எந்தப் பொருள் காரணம் என்று அவர் படித்த எதிலும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை தேவஆசீர்வாதம் துறை ஆசிரியர்களைக் கூட்டினார். புதிய மாணவர்களுக்கு வரவேற்பு நாளில் யார் பேசுவது என்பதுதான் பொருள்.

“சங்கிலிப்பாண்டி பேசட்டும்,” என்றார். “ஆய்வு நேர்மை என்ன என்கிறதை அவரை வைத்துச் சொல்லலாம். தன் முடிவு நிற்காது என்று தானே போய்ச் சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிற ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. ஒரு நல்ல கட்டுரையைவிட இது பெரிது. பிரின்ஸிபாலிடமும் சொல்லியிருக்கிறேன்.”

எல்லாரும் தலையசைத்தார்கள். சங்கிலிப்பாண்டி கூச்சத்தோடு மேசையைப் பார்த்தார். எபநேசருக்குக் காது சுட்டது. இந்த மனிதர் வென்றாலும் புகழ், விழுந்தாலும் புகழா? பதினான்கு ஆண்டுகளில் தம்மைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் இந்த அறையில் சொல்லப்பட்டதுண்டா? வீட்டுக்குப் போய்ச் சொன்னால் கிருபாவும், “அவிய பெரிய மனசு யாருக்கு வரும்,” என்பாள். அந்தப் பெரிய மனசைத் தாமே புழுதியில் காய்களை மூடி உண்டாக்கிக் கொடுத்திருக்கிறோம் என்பதை நினைத்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

மாலையில் ஆய்வுக்கூடத்தில் சங்கிலிப்பாண்டி சட்டைக் கையை மடித்துவிட்டுப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மின்தடை மிகுந்த ஆண்டு. குளிர்பெட்டியை நம்பி எதையும் வைத்திருக்க இயலவில்லை. கடைசிப் புட்டியைத் தொட்டிக்கு மேல் சாய்த்தார். அதில்தான் அந்தத் தேநீர் நிறச் சாறு மீதி இருந்தது. மறுபடி அதைச் செய்ய மாதங்கள் ஆகும். மதுரைக் கருத்தரங்கு அதற்குக் காத்திருக்காது.

“ஊத்தாதியும்வே,” என்றார் எபநேசர்.

“கெட்டுப்போகும் அண்ணாச்சி. நாறும்.”

“ஊத்தாதியும். அன்னைக்கு ஆடு பட்டினி இல்ல. பாண்டியம்மா நெத்துப் போட்டிருக்கா.”

புட்டி சாய்ந்தபடியே நின்றது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நான் பாத்தேன்.”

“எப்பப் பாத்தீங்க?”

எபநேசர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்குக் காலையிலேயே. மக சூலியா வந்துருக்கா, ஆடு பசிச்சுக் கத்தக் கூடாதுன்னு சொன்னா. அப்பம் எனக்கு வெளங்கல. நாலும் படுத்த பெறகு வெளங்கிச்சு. பட்டிக்குள்ள காயி கெடந்துச்சு. நீரு வந்துக்கிட்டிருந்தீரு. காலால மூடிட்டேன்.”

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டி புட்டியை நிமிர்த்தி, மூடியைத் திருகி, மேசைமேல் வைத்தார். குழாயை அடைத்தார். கைகளைத் துடைத்தார். எபநேசர் ஓர் அடிக்கோ ஒரு வசவுக்கோ காத்திருந்தார். இரண்டில் எது வந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

“நாளைக்கழிச்சு மொத பஸ்ஸு,” என்றார் சங்கிலிப்பாண்டி. “வந்துருங்க.”

பாண்டியம்மாளிடம் கேட்டபோது அவளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. “கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். எங்கிட்ட யாரு கேட்டிய? இந்த மனுசங்கிட்டல்லா கேட்டிய,” என்று கணவரைக் காட்டினாள். “ரெண்டு வாத்தியாரு சேந்து ஆட்டைப் பட்டினி போட்டு, அது தின்னலன்னு எழுதுறதுக்குச் சம்பளமாக்கும்.”

உச்சிமாகாளி சிரித்துவிட்டு அவளுடைய பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார். மகளின் காதுக்கு எட்டாத இடமாக, காட்டுக்கு அப்பால் சங்கிலிப்பாண்டியின் சித்தப்பா பருத்தி சேர்த்து வைக்கும் கொட்டகைக்கு நான்கு ஆடுகளும் கொண்டு போகப்பட்டன. சங்கிலிப்பாண்டி கதவைப் பூட்டிச் சாவியை எபநேசரிடமே கொடுத்தார். ஏன் தம்மிடம் என்று எபநேசர் கேட்கவில்லை. மறுநாள் காலைவரை அவர் அந்தச் சாவியைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சோதனை முன்போலவே நடந்தது. இரண்டு ஆடுகள் ஆவலாகக் கொடியைத் தின்றன. இரண்டு ஒதுங்கி, படுத்து, கண் செருகி, அசைபோட்டன. எபநேசர் எண்களைச் சொன்னார், சங்கிலிப்பாண்டி தலையசைத்தார். அந்த இரண்டுக்கும்தான் சாறு. வேலைக்கு வேண்டியதைத் தவிர அவர்கள் அன்று ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. பேருந்தில் சங்கிலிப்பாண்டி முன்னிருக்கையிலும் எபநேசர் பின்னால் வெகு தள்ளியும் உட்கார்ந்து வந்தார்கள். துறைத்தலைவரிடம் சங்கிலிப்பாண்டி, “பட்டியில யாரோ தீனி போட்டிருக்காவ சார். எபநேசர் அண்ணாச்சிதான் கண்டுபிடிச்சாவ,” என்று மட்டும் சொன்னார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம் என்று சொல்லித் துறைத்தலைவர் எபநேசரின் கையைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலை எபநேசர் வாங்கிக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வரவேற்பு நாளில் சங்கிலிப்பாண்டி நேர்மையைப் பற்றிப் பேசவில்லை. எலியின் பசியைப் பற்றிப் பேசினார். மாணவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த எபநேசருக்குப் பழைய கசப்பு நல்ல ஆரோக்கியத்தோடு திரும்பி வந்தது.

ஜூலை இறுதியில் மதுரைக்கு இருவரும் ஒரே ரயிலில் போனார்கள். கோவில்பட்டி நிலையத்தில் ஏறியதும் சங்கிலிப்பாண்டி கருத்தரங்கின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை எடுத்து நீட்டினார். கட்டுரையின் தலைப்பில் அசைபோடுதல் என்ற சொல் சேர்க்கப்பட்டிருந்தது. கீழே இரண்டு பெயர்கள். சங்கிலிப்பாண்டி முதலில், எபநேசர் இரண்டாவது.

தம் பெயரை அச்சில் அவர் அதற்கு முன் திருமண அழைப்பிதழில்தான் பார்த்திருந்தார். நெடுநேரம் பார்த்தார். வண்டி சாத்தூரைக் கடந்தது. அசைபோடுவதைப் பார்க்கச் சொன்னது தாம். வெயிலில் உட்கார்ந்தது தாம். தலைப்பில் இருக்கும் சொல்லே தம்முடையது. அந்த முதல் பெயர் அவருடைய கண்ணை உறுத்தியது.

“வழக்கமா அகர வரிசையிலதான போடுவாவ?” என்றார், வெளியே பார்த்துக்கொண்டு. “எனக்கு எகரம். உமக்குச் சகரம்.”

சங்கிலிப்பாண்டி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்து முடித்தார்.

“நானும் மொதல்ல அப்படித்தான் எழுதுனேன் அண்ணாச்சி. பெறகு நெத்த மூடிட்டுச் சொல்லாம இருந்த நாளு இருக்குல்லா, அதுக்காக ஒரு எடம் கீழ எறக்கிட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பொட்டலத்தை எபநேசரின் பக்கம் தள்ளி வைத்தார்.

தண்டனை நியாயமாகவும் சிறியதாகவும் இருந்தது. அதைச் சொன்ன விதமோ, வசவும் இல்லாமல் மன்னிப்பும் இல்லாமல், ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது. இதே நிலையில் தாம் இருந்திருந்தால் இப்படி ஒரு வாக்கியம் தமக்கு வந்திருக்காது என்று எபநேசர் நினைத்தார். விருதுநகர்வரை அதை நினைத்தே அவருடைய மனம் எரிந்துகொண்டிருந்தது.